நான் பாடாத இரண்டு வரி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சத்தியம் செய்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன ஜூன் மாதம், பாரிஸின் லா ஷப்பல் பகுதிப் பூங்கா ஒன்றில், இருநூறு பேருக்கு முன்னால் எனக்கு நடந்தது இது.

என் பெயர் தவரத்தினம். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. எங்கள் பகுதிச் சங்கம் வருடா வருடம் திறந்தவெளியில் ஒரு பாட்டு நாடகம் போடும். அந்த முறை கவ்பாய் கதை. குதிரையில் ஒரு நாளும் ஏறாத எனக்குக் குதிரைத் திருடன் வேடம். தூக்கில் தொங்குமுன் எட்டு வரி தனியாகப் பாட வேண்டும். ஐந்து மாதம் வெங்காயம் வெட்டிக்கொண்டே அதைப் பாடமாக்கினேன். எல்லாம் என் மகள் நிரோஜினிக்காகத்தான். பதினாறு வயது. என் முகத்தைப் பார்த்துப் பேசி இரண்டு வருடம் இருக்கும். நாடகம் பார்க்க வருவதாக ஒத்துக்கொண்டதே பெரிய காரியம்.

கடைசி ஒத்திகையில்தான் பிழை விட்டேன். தூக்குக் கயிறு உயரமாக இருந்தது. "கோர்த்தை இறக்குங்கள்" என்று கத்தினேன். பிரெஞ்சில் கயிற்றுக்கு அதுதான் சொல்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதாம். இங்குள்ள நாடகக்காரர்களின் வழக்கம். சொன்னவர் அன்றே எல்லோருக்கும் வைன் வாங்கிக் கொடுத்துத் தோஷம் கழிக்க வேண்டும். நாடகத்தை நடத்தும் மர்கரீத், ஓய்வுபெற்ற ஆசிரியை, முகம் வெளுத்துப்போய்ச் சொன்னார்: "தவா, தயவுசெய்து வாங்கிவிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணித்தியாலம் அடுப்படியில் நின்றுவிட்டு வந்தவன் நான். நாங்கள் வாகனத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் இவர்களே சிரிப்பார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை. இரவு 9:20. இன்னும் வெளிச்சம் இருந்தது. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கயிறு சரியாக என் கழுத்து உயரத்தில் தொங்கியது. யார் இறக்கியது? ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டேன். ஈரம். ஒரு வாரமாக மழையே இல்லை...

9:35. மேடையின் பின்பலகைக்கு அப்பால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எட்டிப் பார்த்தேன். வெறும் புல்.

9:42. கயிற்றுக்குக் கீழே வைத்திருந்த பெட்டியின் மேல் ஏறினேன். சுருக்கு கழுத்தில் விழுந்தது. இழுத்தால் கழன்றுவிடும் பொய்ச் சுருக்குத்தான். இரண்டாவது வரிசையில் நிரோஜினி கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தாள்.

முதல் வரி நன்றாக வந்தது.

இரண்டாவது வரியில் கயிறு அசைந்தது.

மூன்றாவதில் இறுகியது. மேடை வேலை செய்யும் சாருஜன்தான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். கோபத்தோடு பாடினேன்.

ஐந்து... ஆறு... மூச்சு இல்லை.

ஏழாவது வரி வரவே இல்லை.

ஐந்து மாதம். எல்லாம் போச்சு.

கைதட்டல்.

கயிறு தளர்ந்தது. நேரே சாருஜனிடம் போனேன்.

"என்னடாப்பா செய்தனி? என்ரை பாட்டைக் கெடுத்துப்போட்டாய்!"

"அண்ணை, நான் முன்னாலை லைட்டடியிலை எல்லோ நிண்டனான். கயிறு மேல்மரத்திலை ஆணி அடிச்சுக் கிடக்கு. ஆரும் இழுக்கேலாது."

அப்போது நிரோஜினி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, கடைசி ரெண்டு வரி... சுப்பேர்!"

அந்த இரண்டு வரியை நான் பாடவே இல்லை.

11:20. வீட்டில் அவள் எடுத்த படத்தைப் பார்த்தேன். முதல் ஆறு வரிக்கும் என் வாய் அசைகிறது. கித்தார் கேட்கிறது. என் குரல் இல்லை. பிறகு என் வாய் மூடுகிறது. கண் பிதுங்குகிறது. அப்போது ஒருவன் பாடுகிறான். இரண்டு வரி. தெளிவாக.

மைக் பழுது என்றாள் மகள்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் வைன் வாங்கிக் கொடுத்தேன். பிந்திவிட்டது என்றார் மர்கரீத்.

நிரோஜினி அந்த இரண்டு வரியை என் அழைப்புக்கு மணியாக வைத்திருக்கிறாள். அப்பாவின் குரல் என்று தோழிகளிடம் பெருமைப்படுகிறாள். அழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மாலை 6:10. நான் வரவேற்பறையில் இருந்தேன். என் கைபேசி மேசையில் அணைத்துக் கிடந்தது. அவளுடைய அறையில் அவன் பாடினான். அவள் அழைப்பை எடுத்தாள்.

"அப்பா!" என்றாள்.

அரை மணித்தியாலம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். என்னோடு அவள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.