சின்னாண்டி வந்த வழி

ஓய்வு பெற்ற பிறகு காத்தமுத்துவுக்குப் பிடித்த பைத்தியம் இது. திண்டுக்கல் பேருந்துகளில் ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்த கண்டக்டர், தன் வம்சம் எந்த ஸ்டாப்பில் ஏறியது என்று தேடக் கிளம்பிவிட்டார். தாடிக்கொம்புப் பக்கம் இருக்கும் அவர்கள் குலசாமி சின்னாண்டி, ஒரு காலத்தில் மனிதன். பாண்டியர் ஆண்ட நாளில் ஏரித் தண்ணீரில் பங்கு தராமல் அண்ணன் ஏமாற்ற, பிறந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு கிழக்கே வந்தவன். அது எந்த ஊர் மண் என்று யாருக்கும் தெரியாது. "அங்கன அண்ணன் கல்லா நிக்கிறான், காலடியில ஒத்தக் காது நாயி" என்று வாய்வழியாக வந்த அடையாளம் ஒன்றுதான் மிச்சம்.

மொபெட்டில் ஊர் ஊராகக் கல் பார்த்து அலைந்தார். நாய் இருந்தால் அதற்கு இரண்டு காது இருக்கும். ஒரு காது இருந்தால் அது பன்றியாக இருக்கும். வீட்டில் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் மாலதிக்குத் தொப்பம்பட்டியில் வரன் அமைந்தது. பையன் பெயர் பிரபு. பல இடம் தட்டிப்போய் நொந்திருந்த பெண், போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நிச்சயத்துக்கு முன்னால், தங்கள் சாமிக்குப் பொங்கல் வைப்பதாகப் பிரபுவின் அப்பா மணிமாறன் அழைத்தார். காத்தமுத்து போனார். வேப்பமரத்தடியில் ஒரு கல். காலடியில் நாய். அதற்குக் காது ஒன்றே ஒன்று.

"பெரியாண்டிங்க," என்றார் மணிமாறன். "இவரு தம்பி கோவிச்சுட்டு ஒரு பிடி மண்ணோட கிழக்க போனாருங்க. அப்புறம் திரும்பவே இல்லீங்க."

காத்தமுத்துவுக்குப் புல்லரித்தது. கல்லைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. மறுகணம்தான் விஷயம் உறைத்தது. ஒரே மண் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையன் மாலதிக்கு அண்ணன் முறை, கட்டிக்கொடுக்க முடியாது. வாயைத் திறக்காமல் வீடு திரும்பினார்.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் சொன்னார். கூடப்பிறந்த அண்ணன், சின்னாண்டி கோயில் பூசாரி பொன்ராஜிடம்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதடா தம்பி. எந்தக் காலத்துக் கதையோ. சாமி குத்தம் வராம நான் பாத்துக்கிறேன்."

நிச்சயத்தன்று தட்டு மாற்றப் போகும் நேரத்தில் பொன்ராஜ் எழுந்தார். கையில் எரியும் சூடத் தட்டு.

"ரெண்டு வீடும் ஒரே மண்ணுன்னு என் தம்பியே கண்டுபிடிச்சிருக்கான். இல்லன்னு அவன் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், நான் உக்காந்துக்கிறேன்."

சபை காத்தமுத்துவைப் பார்த்தது. மாலதியும் பார்த்தாள். தேடித் தேடிக் கண்டெடுத்த பாட்டனை இல்லையென்று சொல்ல அவர் கை எழவில்லை. சூடம் எரிந்து தானாக அணைந்தது. மணிமாறன் வீட்டார் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருக்கலாம். தை மாதம் பொன்ராஜ் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள், பொன்ராஜின் மகள் பானுப்ரியா. மணமகன், அதே பிரபு.

காத்தமுத்து செருப்புகூடப் போடாமல் ஓடினார். "எனக்குப் பங்காளி, உனக்கு மட்டும் சம்பந்தியாண்ணே?"

பொன்ராஜ் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். "சாமி முன்னால ரெண்டு பொட்டலம் போட்டுப் பூக்கட்டிப் பாத்தோம்ப்பா. செவப்பு வந்தா கூடாது, வெள்ளை வந்தா குடுக்கலாம். வெள்ளை வந்துருச்சு. உத்தரவ நான் மீற முடியுமா?"

பொட்டலம் கட்டியது பூசாரி. இரண்டிலும் என்ன பூ இருந்ததென்று அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். மணிமாறனுக்கோ பொன்ராஜின் தென்னந்தோப்பு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். வேறு யாராவது முதுகில் குத்தியிருந்தால் காத்தமுத்து திரும்பி அடித்திருப்பார். இது கூடப்பிறந்தவன் கை. திரும்பி நடந்தார்.

வீட்டில் மாலதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், தானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தார். அவள் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"அந்த நாயத் தேடி அம்புட்டு ஊரு சுத்துனீங்களேப்பா. எனக்காக ஒரு பூவக் கட்டிக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"