நீலப் பெயின்ட் அடித்த பேஸ் கிடார்

போன வாரம் வீட்டுக் குழாய் மாற்ற வந்தவர், பித்தளை மூடியில் மரை ஏறவில்லை என்று வாசலில் உட்கார்ந்து அரத்தால் ராவினார். அந்த உலோகப் பொடி வாடை மூக்கில் ஏறியதும் என் விரல் நுனியெல்லாம் நமநமத்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, மீன்குழம்பு வாடையைவிட ராவின பொடி வாடையோடுதான் நான் அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தச்சர். உத்தரகோசமங்கைப் பக்கத்து வயற்காட்டிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு பாம்பனுக்கு வந்தார். படகு வேலை இல்லாதபோது பூவரசு மரத்தில் பேஸ் கிடார் செய்வார். கச்சேரியில் பின்னால் நின்று நெஞ்சுக்குள் தும் தும் என்று அடிக்குமே, அந்த நாலு கம்பிக் கிடார். மரம் அவர் பாடு, உலோகம் என் பாடு. கம்பிகள் உட்காரும் பாலத்தை, உடைந்த படகு புரொபெல்லரின் வெண்கலத்தில் அறுத்து நானே ராவிச் செய்வேன். கடையில் விற்கிற பாலம் எங்கள் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. என் கையெழுத்து கோணலாக இருக்கும். அரம் பிடித்தால் கோணாது.

இந்த மாதிரிக் கரண்டுக் கிடாருக்குத் தானாகச் சத்தம் கிடையாது. எங்களிடம் சவுண்டுப் பெட்டியும் கிடையாது. அதனால் மரத்தில் இடது காதை அழுத்தித்தான் கேட்பேன்.

"என்ன, ஒங்கிட்ட ரகசியம் சொல்லுதா?" என்பார் அவர்.

அப்படிக் கேட்டதில் ஒன்று என்னைக் கிறங்கடித்தது. அதைப் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் அருளப்பன் வாங்கிப்போனார். மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில் வாசிக்கப்போவதாகச் சொன்னார். பெரிய பெட்டியில் அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. நல்ல சேலை கட்டி முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

மேடையைப் பார்த்தால் என் பாலம் நீலமாக இருக்கிறது. கரையில் புதுசாக எது வந்தாலும் முதலில் பெயின்ட் அடித்துத்தான் அருளப்பனுக்குப் பழக்கம். கழற்றி, அடிப்பக்கமும் விடாமல் படகு நீலத்தைப் பூசியிருந்தார். பாலத்தின் அடியில் ஒரு சின்ன ஒயர் உண்டு. அது வெண்கலத்தை நேராகத் தொட்டால்தான் கரண்டு இரைச்சல் அடங்கும். இப்போது நடுவில் பெயின்ட். பெட்டியோடு இணைத்ததும் பந்தல் முழுக்க வண்டு பறக்கிற இரைச்சல்.

மேடையோரம் ஓடினேன். "ஏலே அருளப்பா, அந்தப் பெயின்ட சொரண்டு. வெண்கலம் துருப்பிடிக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன்க்கா. சொரண்டுனா அசிங்கமாயிரும்."

"படகா ஓட்டப்போற? பாட்டுத்தான வாசிக்கப்போற?"

"கடக்காத்து பாட்டுன்னு பாத்தா வீசுது?"

மைக்செட்காரர் எங்கள் சண்டையை முடித்துவைத்தார். வால்யூம் திருகைக் குறைத்துக் கிடார் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார். அருளப்பன் கடைசிவரை தலையாட்டித் தலையாட்டி ஊமையாக வாசித்தார். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கச்சேரி அருமை என்று பக்கத்துப் பெண் என்னிடமே சொன்னாள்.

"விடு புள்ள, பாக்க நல்லாத்தான இருந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

சுரண்டித் தருகிறேன், கொண்டு வா என்று அருளப்பனிடம் சொன்னேன். அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம் என்றார். அடுத்த திருவிழாவுக்குக் கீபோர்டு வந்தது. அதை வாசித்தவரின் இடது கையே பேஸையும் பார்த்துக்கொண்டது.

இப்போது வீட்டுக்காரர் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் ஐஸ் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அந்த நீலக் கிடாரைக் கரையான் தின்றுவிட்டதாம். பாலத்தை அருளப்பன் எடைக்குப் போட்டுவிட்டாராம், பெயின்டோடு. அந்தக் கிடார் பாடியதைக் கேட்டது என் இடது காது ஒன்றுதான். இப்போது அதுவும் சரியாகக் கேட்பதில்லை.