எட்டை ஒன்பதாக்கிய கெசியா

ஹார்ல்ஸ்பி கோயிலின் வடக்குச் சுவரில் ஆம்ப்ரோஸ் ஹேதர்லி முழங்காலிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்து இருநூற்று நாற்பத்தாறு வருஷமாகிறது. கல் மனுஷன்; மூக்கு நுனி உடைந்திருக்கும். முப்பது வருஷமாக வாரம் தவறாமல் அந்த மூக்கைத் துடைத்து வந்தவள் கெசியா பெடோஸ். கோயிலைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. பிறந்த வீட்டுப் பெயரில் அவளும் ஒரு ஹேதர்லிதான். வேலி கட்டும் கூலிக்காரரான அவள் அப்பா, பியர் கொஞ்சம் உள்ளே போனால் போதும், "அந்தக் கல்லு நம்ம பாட்டன்டி" என்று ஆரம்பித்துவிடுவார். சுற்றி இருப்பவர்கள், "ஆமாமா, மூக்கைப் பாத்தாலே தெரியுதே" என்று சிரிப்பார்கள். கெசியாவும் சேர்ந்து சிரித்தவள்தான், அறுபத்தைந்து வயது வரைக்கும்.

அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. அவள் புருஷன் ரூபன் நாற்பது வருஷம் ஒரே பண்ணையில் குதிரை பார்த்தவன். குடியிருந்த வீடு பண்ணையுடையது. வேலை இருக்கும் வரை வீடு. பழைய முதலாளி இறந்து புதியவர் வந்தார். ரூபனுக்கு எழுபத்தொன்று. கைவிரல்கள் வாதத்தில் மடங்கிப் போய், கடிவாளம் கிடக்கட்டும், கரண்டிகூட நிற்காது. புதியவர் மரியாதையாகவே சொன்னார்: மாதா நாளுக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

மாதா நாள் என்றால் மார்ச் இருபத்தைந்து. அந்தச் சீமையில் ஆள் மாறுவதும் குத்தகை முடிவதும் வீடு மாறுவதும் அன்றுதான். ஜனவரியில் வருஷம் பிறக்கிறது என்பதெல்லாம் நாட்காட்டி அச்சடிப்பவர்களின் கணக்கு.

போக்கிடம் ஒன்றே ஒன்று இருந்தது. டவுனில் சர்க்கார் நடத்தும் ஏழை விடுதி. அங்கே ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். நாற்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்களானாலும் வாசலில் பிரித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பார்க்கலாம். பெற்ற இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டவர்களுக்கு வேறு யார் வீடு இருக்கிறது?

கெசியாவுக்குச் சாவு பயமில்லை. அவளுக்கு இருந்தது பொத்தான் பயம். காலையில் ரூபனின் சட்டைக்குப் பொத்தான் போடுவது அவள். ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டுவது அவள். இன்னும் சொல்லக் கூசும் காரியங்களுக்கும் அவள்தான். அந்த ஆண்கள் பக்கத்தில் அவனுக்கு யார் செய்வார்? இதை நினைத்தால் அவள் கையிலிருக்கும் துடைப்பம் அப்படியே நின்றுவிடும்.

அப்படி ஒருநாள் துடைப்பத்தோடு நின்றபோதுதான் கல் மனுஷனின் காலடியில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. ஏழைகளுக்கு ஆறு வீடு கட்டி வைத்தவர் என்று செதுக்கியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் இன்றைக்கும் இருக்கின்றன அந்த ஆறு தரும வீடுகள். நாலு வீடு பொதுவுக்கு, அதில் காலி இல்லை; இரண்டு வீடு ஆம்ப்ரோஸின் சொந்தக்காரர்களுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்தே இருக்கலாம். சொந்தம் கேட்டு வர ஆளில்லாமல் அந்த இரண்டில் ஒன்று நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

தரும வீடுகளின் காரியதரிசி மிஸ்டர் பார்கெட்டர். டவுனில் வக்கீல், பத்திரங்களிலேயே ஊறின மனுஷர். கெசியா கேட்டதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சொந்தம்னு வாயால சொன்னா ஆச்சாம்மா? ஆம்ப்ரோஸுக்குப் பிள்ளை இல்ல. அவரு தம்பி ரோஜரு வழியில, முறையான கல்யாணத்துல பொறந்த வாரிசுன்னு தலைமுறை தலைமுறையாக் காட்டணும். மார்ச் நாலாந்தேதி கூட்டம். கொண்டு வாங்க, பாக்கலாம்."

"கொண்டு வரேங்க" என்றாள் கெசியா. எங்கிருந்து என்று அவளுக்கே தெரியாது.

குருவானவர் டோலி ஐயா நல்ல மனுஷர். குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில், ஊரின் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதின ஏடுகள் இருந்த இரும்புப் பெட்டியின் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். "வெள்ளிச் சாமானையே உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன், பழைய ஏட்ட விட மாட்டேனா?" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, கோயிலைத் துடைத்து முடித்ததும், ஜன்னல் வெளிச்சம் போகும்வரை அவள் அந்தப் பெட்டியே கதி என்று கிடந்தாள். ஞாயிறு பள்ளியில் படித்த எழுத்துதான். பழைய காலத்துக் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி இருந்தது. அப்பா, தாத்தா என்று தெரிந்த பெயரிலிருந்து பின்னோக்கிப் போனாள்; ஒவ்வொரு ஏட்டிலும் ஹேதர்லி என்ற பெயரை மட்டும் விரலால் தேடினாள். மற்ற வரியைப் படிக்கக் கண்ணுக்கும் தெம்பில்லை, நாளும் இல்லை. பின்னால் போகப் போகக் குடும்பம் ஏறிக்கொண்டே போனது. அவள் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'கூலி'. அதற்குமுன் 'குத்தகை'. அதற்கும்முன் 'சொந்த நிலம்'. எல்லாவற்றுக்கும் மேலே 'கனவான்'. ஏழு தலைமுறையில் எப்படி வழுக்கி விழுந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

உயிலுக்காக ஹெரிஃபோர்டுக்கே ரயிலேறிப் போனாள். அங்கே பழைய உயில்கள் வைத்திருந்த ஆபீசில் ஆம்ப்ரோஸின் உயிலை எடுத்துப் போட்டார்கள். கூடவே, அவர் இறந்தபின் அண்டை வீட்டார் எழுதின சாமான் பட்டியலும் இருந்தது. அறை அறையாக, பித்தளைத் தட்டு, ஓக் மேசை, இறகு மெத்தை என்று. இளவயதில் பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள் அவள். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சாமானையும் மனசுக்குள் துடைத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போனாள். உயிலில், 'தம்பி ரோஜரின் மகன் கில்பர்ட்டுக்கு என் இரண்டாந்தரக் கட்டில்' என்றிருந்தது. அந்தக் கில்பர்ட்தான் அவளுடைய மூதாதை. தரும வீட்டின் நிபந்தனைகளையும் தாளில் எழுதிக்கொண்டாள். 'பொய்யரும் குடியரும் கலகக்காரரும் எக்காலத்தும் சேர்க்கப்படலாகாது.'

"நாம குடியும் இல்ல, கலகமும் இல்ல" என்று வீட்டுக்கு வந்து ரூபனிடம் சொன்னாள்.

"நீ கலகக்காரிதாண்டி. போன வாரம் அந்தச் சேவலத் தொரத்தின தொரத்தலப் பாத்தேனே" என்றான் ரூபன். "கட்டிலு குடுத்தாரா பாட்டன்? எங்க அது? நமக்கு இதுல முதுகு வலிக்குது."

இன்னும் பாக்கி சங்கிலியில் ஒரே கண்ணி. ரோஜரின் கல்யாணமும் கில்பர்ட்டின் ஞானஸ்நானமும். ஏட்டின் முன்பாதி ஞானஸ்நானம், பின்பாதி கல்யாணம். பிப்ரவரி கடைசி வாரத்தில் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டாள்.

ரோஜரின் கல்யாணம்: 1638 ஜூன் பதினாலு.

மகன் கில்பர்ட்டின் ஞானஸ்நானம்: 1638 பிப்ரவரி பத்து.

அவள் விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எத்தனை தரம் எண்ணினாலும் பிப்ரவரிக்குப் பிறகுதான் ஜூன். கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாலேயே பிள்ளை. முறை தவறிப் பிறந்த பிள்ளை. ஏழு தலைமுறைக் கயிறும் ஒரே இடத்தில் அறுந்து கையோடு வந்துவிட்டது. அவள் வெஸ்ட்ரியின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

டோலி ஐயாவின் வீடு கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப்பக்கம், நாற்பது தப்படி. போய்க் கதவைத் தட்டி, "ஐயா, இது என்ன கணக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வராது. பசித்தால் சாப்பிட்டாச்சு என்பார்கள். வலித்தால் ஒன்றுமில்லை என்பார்கள். குடும்பத்து மானத்தை, அது இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின மானமே ஆனாலும், குருவானவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட அவளுக்கு வாய் வராது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் பலிபீடத்தில் மெழுகு சுரண்டும் சின்னக் கத்தியோடு வந்தாள். தோல் ஏடு அது. மையைச் சுரண்டினால் உரிந்து வரும். எட்டின் கீழ்வட்டத்தில் இடது பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் அது ஒன்பது. மை தொடக்கூடத் தேவையில்லை. முப்பது வருஷமாகப் பலிபீடத் துணியில் ஒரு நூல் கலையாமல் மெழுகெடுத்த கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள், தூளை ஊதினாள். 1639 பிப்ரவரி பத்து. கல்யாணமாகி எட்டு மாசம். வெளியே வரும்போது கல் ஆம்ப்ரோஸின் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மூக்கும் துடைக்கவில்லை.

மார்ச் நாலாந்தேதி காலையில், கூட்டத்துக்கு முன்னால், பார்கெட்டர் வெஸ்ட்ரிக்கு வந்தார். டோலி ஐயா ஏட்டை ஜன்னல் மேசையில் விரித்தார். கெசியா கையை இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணிக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தலைமுறையாக அவள் தாளோடு ஒத்துப் பார்த்த பார்கெட்டர், "பரவால்லையே, எங்க குமாஸ்தா இவ்ளோ சுத்தமா எழுத மாட்டான்" என்றார். அவள் முகம் சிவந்தது. கடைசிக் கண்ணிக்கு வந்தார். அவர் விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. ஹேதர்லியை மட்டும் தேடும் விரல் அல்ல அது; வரி வரியாக வாசிக்கும் விரல்.

"டிசம்பர் 1638. ஜனவரி 1638. பிப்ரவரி 1638." விரல் நின்றது. "இங்க 1639. அடுத்த வரி மறுபடியும் 1638. இது என்னய்யா?"

ஏட்டின் அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அந்த ஒரு எண்ணின் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது.

"சுரண்டியிருக்கு" என்றார்.

டோலி ஐயா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவருக்குப் புரியவே இல்லை.

"ஏன் கெசியாம்மா? எதுக்கு இதப் போய்..."

"கல்யாணம் ஜூன்லங்க. புள்ள பிப்ரவரியில." அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முன்னாடியே பொறந்துட்டாருங்க. நான் என்ன பண்ணுவேன்? எங்க வீட்டுக்காரரு சட்டைக்கு யாரு பொத்தான் போடுவா?"

பார்கெட்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, அந்தக் காலத்துல வருஷம் ஜனவரியில பொறக்கல. மாதா நாள்லதான் பொறந்துது. ஜூன் 1638, டிசம்பர் 1638, அப்புறந்தான் பிப்ரவரி 1638. மார்ச்சு இருபத்தஞ்சுக்குத்தான் 1639. இங்க பாருங்க, மேல ஜனவரி 1638ன்னு இருக்குல்ல, அதுக்கும் மேல டிசம்பர் 1638." அவர் விரல் அந்த வரிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. "புள்ள கல்யாணத்துக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் பொறந்துது. எட்டு மாசம்னா இந்த ஊருக்கு ரொம்ப ஒழுக்கம். நீங்க அத அப்படியே விட்டிருந்தா, இன்னிக்கே சாவியக் குடுத்திருப்பேன்."

கெசியா அந்த வரிகளைப் பார்த்தாள். மாதா நாள். அவளுக்குத் தெரியாத நாளா? ஊரில் வேலையும் வீடும் வாழ்க்கையும் அன்றுதான் மாறும் என்று குழந்தையிலிருந்து தெரியும். தன்னைத் தெருவில் தள்ளப் போகிற நாளே, இத்தனை நாளும் தன் பக்கம் நின்றிருக்கிறது. மேலே ஒரு விரற்கடை தள்ளிப் படித்திருந்தால் போதும்.

"வருஷா வருஷம் பிஷப்புக்கு ஒரு நகல் அனுப்புவாங்க. ஹெரிஃபோர்டுல தேடினா அசல் தேதி கெடைக்கும்" என்றார் டோலி ஐயா, அவசர அவசரமாக.

"கெடைக்கும். கெடைச்சு என்ன பிரயோஜனம்?" பார்கெட்டர் அவளுடைய தாள்களைப் புரட்டினார். நிபந்தனை எழுதிய தாளை மேலே எடுத்து வைத்தார். அவளுடைய சுத்தமான கையெழுத்து. பொய்யரும் குடியரும். "ஆம்ப்ரோஸ் வார்த்தை. நான் தாண்ட முடியாதும்மா. போலீசுக்குச் சொல்லாம விடறேன், அவ்வளவுதான் என்னால ஆகும்." அவர் குரலும் உடைந்துதான் இருந்தது, அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

அவள் இரும்புப் பெட்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ரூபனிடம் அன்றைக்கு, வீடு கிடைக்காது என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மாதா நாளன்று, பண்ணை வண்டி அவர்களை ஏழை விடுதி வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் மீதியைச் சொன்னாள். அவனே ஆரம்பித்து வைத்தான்.

"போவுது விடு கெசி. அந்தக் கல்லுக் கெழவன் நமக்குச் சொந்தமே இல்லன்னு ஆயிடுச்சு. உங்கப்பன் குடிச்சுட்டு ஒளறுனதுதானே."

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"சொந்தந்தான், ரூபன். எல்லாம் சரியாத்தான் இருந்துது. நாந்தான் கத்தியெடுத்துச் சுரண்டிட்டேன். நம்ம வீட்ட நானே சுரண்டிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் தன் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்காவத்தானே?" என்றான்.

காற்று ஊசியாகக் குத்தியது. அவன் கோட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்து, கீழிருந்து பொத்தான் போட ஆரம்பித்தாள். கழுத்துப் பொத்தான் அவனுக்குப் பிடிக்காது, இறுக்கும். இன்றைக்கு அதையும் போட்டாள்.

"இறுக்குதுடி."

"இறுக்கட்டும். ஞாயித்துக்கெழம வரைக்கும் நிக்கணும்ல."

மணியடித்துக் கதவு திறந்தது. வாசல்காரன் பெயர் கேட்டான், எழுதிக்கொண்டான், ரூபனை மேலும் கீழும் பார்த்தான். நல்ல பையன்தான், சாதாரணமாகத்தான் சொன்னான்.

"அதெல்லாம் கழட்டிடணும் பெரியவரே. உள்ள எங்க துணிதான். கழட்டித் தாங்க, மூட்டையாக் கட்டி வைக்கணும்."

ரூபன் கையைத் தூக்கினான். விரல் பொத்தானில் தடவித் தடவி நழுவியது. வாசல்காரன் காத்துக்கொண்டு நின்றான்.

கெசியா முன்னால் வந்து, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.