பனியன் துணியில் தைத்த கொடி

தோற்றுப் போனோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெயித்தோமா என்று கடைசிவரை யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிய டெபாசிட்கூடத் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது, “உங்களுக்கு எதுக்குங்க அந்த வேண்டாத வேலை” என்று ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் சுள்ளென்று கோபம் வருகிறது. வேண்டாத வேலையா, வேண்டிய வேலையா என்று தீர்மானிக்க அவர்கள் யார்?

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, கலர் மாறின இடம் என்று எது இருந்தாலும் அங்கே ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்து ஒரு குறையைக் கண்டுபிடித்தால் மட்டும் அடங்காப்பிடாரி என்றார்கள்.

வெளியே நான் கண்டுபிடித்த குறை என் வீட்டுக் கிணறு. முதலில் பருப்பு வேகவில்லை. எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் கல்லுக் கல்லாகவே இருந்தது. பருப்பு வாங்கிய கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் வேகவில்லை. அப்புறம் சோப்பு நுரைக்காமல் போனது. அடுத்த கோடையில் கிணற்றுத் தண்ணீர் லேசாகச் சிவந்தது. நொய்யல் ஆற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலைந்து சாயப்பட்டறைகள் இருந்தன. அதில் ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார்.

சாதாரண வேலை இல்லை அவருடையது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் உள்ளங்கை அளவு துண்டுத்துணி ஒன்றை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். எந்தச் சாயத்தில் எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நேரம் என்று பார்த்து அந்த நிறத்தைக் கொண்டுவருவது இவர் பொறுப்பு. ஐந்தாவதுக்கு மேல் படிக்காத மனிதர். ஆனால் அவர் “சரி” என்று சொன்ன நிறத்தை எந்தக் கம்பெனியும் திருப்பி அனுப்பியதில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே பட்டறை. அவருக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நான் கிணற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

கட்சியை எனக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் கம்பெனிக்கு மெஷின் ரிப்பேர் பார்க்க வரும் மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆற்றையும் நிலத்தையும் பற்றி மட்டும் பேசுகிற ஒரு சின்னக் கட்சிக்கு எங்கள் ஊர்ப் பொறுப்பாளர் அவர்தான். கட்சியின் பெயர் நீளம் என்பதால் ஊரார் அதைப் பச்சைக் கட்சி என்றே கூப்பிட்டார்கள். “உறுப்பினர் எத்தனை பேருங்க” என்று கேட்டேன். “உங்களச் சேத்தா பதினொண்ணுக்கா” என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்கே சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போவோம். ஒரு பாட்டிலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் லாரித் தண்ணீர். இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். சிலர் காபி கொடுத்து உட்காரவைப்பார்கள். சிலர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, “இல்லீங்க, எங்க ஊட்ல எல்லாரும் டையிங்குலதானுங்க வேலை” என்று அனுப்பிவிடுவார்கள். சாயப்பட்டறையை நம்பிப் பிழைக்கிற அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. என் வீட்டிலும் அதுதானே நிலைமை.

தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் மெக்கானிக்கே நிற்பது என்று முடிவானது. கொடி வேண்டும். இங்கேதான் நாங்கள் ஒரு கிறுக்குக் காரியத்தைச் செய்தோம். காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் விற்கிற மிச்சத் துணியில் சாயம் போடாத பனியன் துணியாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கி வந்தோம். எந்த ஊரிலாவது பனியன் துணியில் கொடி தைப்பார்களா? திருப்பூர்க்காரர்களுக்குத் துணி என்றால் அது ஒன்றுதான். வெட்டித் தைத்துக் கம்பில் கட்டினோம். பனியன் துணியின் ஓரம் தானாகச் சுருளும் என்பது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பதினொரு பேருக்கும் அந்த நேரத்தில் மட்டும் மறந்துபோயிற்று. காற்றில் பறக்க வேண்டிய கொடி பாய் போலச் சுருண்டுகொண்டு நின்றது. பிரித்து ஓரத்துக்கு நாடா வைத்து மறுபடியும் தைத்தோம்.

சுருண்டதோடு போயிருந்தால் தேவலை. கட்சிக்கொடி பச்சையாக இருக்க வேண்டுமே. தைத்த கொடிகளைக் கம்பிலிருந்து அவிழ்த்துக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவரும் மறுநாளே மாதிரித் துணி போடும் சின்ன மெஷினில் போட்டுக் கிளிப்பச்சையில் கொண்டுவந்துவிட்டார். நல்ல நிறம். எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்துப் பாராட்டினோம். நோட்டீஸைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்ட கூட்டம் அது. சாயப்பட்டறைக் கழிவை எதிர்க்கிற கொடிக்குச் சாயப்பட்டறையிலேயே சாயம் போட்டிருக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் தெருமுனைக் கூட்டம். மெக்கானிக் பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறையின் முதலாளி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து நிதானமாக முன்னால் வந்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, கொடி நல்லா இருக்குதுங்க. இந்தப் பச்சையை எந்தப் பட்டறையில போட்டீங்க?”

எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது போலிருக்கிறது. டீக்கடையிலிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள்வரை சிரித்தார்கள். மெக்கானிக் பேச்சை நிறுத்தி மைக்கைத் தாழ்த்தினார். எனக்குக் காது சூடானது. ஆனால் என் சுபாவம் அப்படி, நாலு பேர் சேர்ந்து சிரித்தால் எனக்கு அழுகை வராது, நாக்குத்தான் நீளும். மைக்கை வாங்கினேன்.

“உங்க பட்டறையிலதானுங்க. போட்டது எங்க ஊட்டுக்காரர். தப்புப் பண்ணிப்போட்டோம், ஒத்துக்கறோம். அந்தச் சாயத்தண்ணி எங்க போச்சுன்னு கேளுங்க, சொல்றேன். எங்க கிணத்துக்குத்தான் வந்துச்சு. இந்தக் கொடிக்குச் சாயம் பிடிக்கறதுக்குக் கொட்டுன உப்பை நானும் எம் புள்ளையும்தான் குடிக்கறோம். ஒரு மூட்டைத் துணிக்கு நாங்க ஒத்துக்கறோமுங்க. தெனமும் லோடு லோடாப் போடறீங்களே, நீங்க என்னைக்கு ஒத்துக்குவீங்க?”

சிரிப்பு நின்றது. யாரும் கைதட்டவும் இல்லை. முதலாளி, “பார்க்கலாமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. எங்கள் ஊரில் மிரட்டுவதுகூட ‘ங்க’ போட்டுத்தான்.

“விடுங்கக்கா, பாத்துக்கிடுவோம்” என்றார் மெக்கானிக். அவருக்கு என்ன, பார்த்துக்கொள்ள வேண்டியது என் வீட்டில் அல்லவா இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தாராம். ‘கூட்டத்தில் என் மனைவி பேசியது பொய், எங்கள் பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுத் தண்ணீரும் வெளியே போவதில்லை’ என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அதை நோட்டீஸாக அடித்து ஓட்டுப் போடும் நாளுக்குள் வார்டு முழுக்கக் கொடுப்பார்களாம். கொண்டுவராவிட்டால் அவரும் வர வேண்டாம். ஒரு பட்டறையில் அப்படி வெளியே அனுப்பினால் மற்றப் பட்டறைக்காரர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் செய்தது தப்பு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் வீரம் என் வாயில் இருந்தது, போகப்போவது அவர் வேலை. அது எனக்கு நன்றாக உறைத்தது. அவர் கட்சியை விட்டுவிடு என்று கத்தியிருந்தால், பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம் என்ன சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார். பேனாவும் வைத்தார்.

“எங்கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நீயே எழுது” என்றார்.

“என்ன எழுதறதுங்க?”

“அவரு சொன்னதைத்தான்.”

நான் பொய் சொன்னேன் என்பதை என் கையாலேயே எழுத வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டேன். ‘ஐயா’ என்று எழுதினேன். அதற்கு மேல் அவர் சொல்லச் சொல்ல என் கை அதை எழுத மறுத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை எழுதினேன். ‘கூட்டத்தில் என் மனைவி பேசியது உண்மை’ என்று அவர் சொல்வதாகவே எழுதினேன். பட்டறையிலிருந்து கழிவுத் தண்ணீரை இரவில் யாருக்கும் தெரியாமல் திறந்துவிடுகிறார்கள், அது ஆற்றுக்கும் எங்கள் கிணறுகளுக்கும் வருகிறது என்று எழுதினேன். வேண்டுமானால் கிழித்துப் போடட்டும், வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தாளைக் கையில் எடுத்து அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன்.

அவர் எழுந்து நின்றார். அடிக்க வருவாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்படி ஒருநாளும் செய்யாத மனிதர்.

“ராத்திரியிலன்னு போட்டிருக்கறயே, அது தப்பு” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ராத்திரி தொறந்துட்டா வாய்க்கால்ல கலர் நிக்கும், காலையில தெரிஞ்சுபோகும். மழை வரோணும். மழை பிடிச்சாத்தான் வால்வைத் தொறப்பாங்க. வெள்ளத்தோட வெள்ளமாப் போயிரும். மாத்தி எழுது.”

மாற்றி எழுதினேன்.

“குழாய் எங்க போகுதுன்னு எழுதலையே. பின்னால இருக்கற தென்னந்தோப்புக்கு அடியில போகுது. எழுது. வால்வு கருப்புத் தொட்டிக்குப் பக்கத்துல, கோணிச் சாக்குப் போட்டு மூடியிருக்கும். எழுது.”

டையிங் வேலையில் இருக்கும் மனிதருக்கு அளவுதான் முக்கியம். ஒன்று குறையாமல், ஒன்று கூடாமல் சொன்னார். அவர் சொல்வதற்கு ஈடு கொடுத்து எழுத முடியாமல் என் விரல் வலித்தது. தாள் போதாமல் இன்னொரு தாள் கிழித்தோம். முடித்ததும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே போனேன். வர வேண்டாம் என்றார், கேட்கவில்லை. முதலாளி ஆபீஸ் ரூமில் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். இரண்டாவது தாளுக்குப் போனார். மறுபடி முதல் தாளுக்கு வந்தார். பிறகு என்னைப் பார்த்து, “எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ரூமுக்குள் அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

“எழுதுனது ஊட்டுக்காரிங்க. சொன்னது நானுங்க.”