ஹூக்ளிப் படகுகளை வெட்டியது யார்?

செயலாளர் சார், அந்த நீர்வண்ணப் படத்தை வெட்ட வைத்தது நீங்கள். பழியை என் தலையில் போட்டதும் நீங்கள்தான்.

மும்பை தாராவியில் படங்களுக்கு பிரேம் போடுவது என் தொழில். சான்பாடாவில் இருக்கும் ரமா மேடம் கப்பல், படகு, துறைமுகம் என்றே வரைகிறவர். அவருடைய கல்கத்தா ஹூக்ளி ஆற்றுப் படத்தை, உங்கள் மாட்டுங்கா சங்கத்தின் கண்காட்சிக்காக நீங்கள் என் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். மேலே இரும்புப் பாலம், நடுவில் ஃபெர்ரி. கீழ் ஓரத்தில் வைக்கோல் படகுகள், இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றைத் தள்ளும் ஆட்கள்.

"கீழே என்னப்பா ஒரே கசகசன்னு? ப்ரிட்ஜ் தெரிஞ்சா போறும். வெட்டிடு" என்றீர்கள்.

"மேடத்துகிட்ட கேட்டியளா?"

"நான் சொல்லிக்கறேன். நீ கட்டிங் பண்ணு, லெக்சர் பண்ணாதே."

"வெட்ட மாட்டேன் சார். படத்தச் சுத்தி வைக்கிற மவுண்ட் அட்டைய அகலமா வச்சு மறச்சித் தாரேன். பிரிச்சா படம் முழுசா இருக்கும்."

அப்படியே செய்து, பின்பக்கம் முழுக்க பிரவுன் பேப்பர் ஒட்டிக் கொடுத்தேன். யார் பிரித்தாலும் அது கிழியும். அதற்காகத்தான் ஒட்டுகிறோம்.

திறப்பு விழாவுக்குப் போனேன். பிரேமின் உயரம் குறைந்திருந்தது. மற்ற படங்களோடு வரிசையாகத் தொங்க வேண்டும் என்று குறைத்ததாகச் சங்கத்து ஆட்கள் சொன்னார்கள். ரமா மேடம் படத்தைப் பார்த்ததும், "என் படகெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"தாராவியில குடுத்தா இப்படித்தான். கத்தியை வச்சு இழுத்துட்டான்" என்றீர்கள், சபை முழுக்கக் கேட்கும்படி.

நான் படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். பிரவுன் பேப்பர் கிழிந்து கிடந்தது. கிழிசலைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. என் கடையில் ஸ்டேப்ளரே கிடையாது.

"பிரிங்க இசக்கி" என்றார் மேடம். பிரித்தேன். காகிதம் ஃபெர்ரிக்குக் கீழே முடிந்திருந்தது. மேடம் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாரும் வாங்கோ, காபி ஆறிடும்" என்று நீங்கள் நழுவினீர்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வரைந்தவர் வாயால் சொல்லாமல் காகிதத்தில் கத்தி வைக்காதே. படத்தைக் கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி.

செயலாளர் சார், அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால், மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். யாரிடம் கொடுத்து வெட்டினீர்கள்? அந்தத் துண்டை எங்கே போட்டீர்கள்?