தீர்த்த வரிசையில் நம்பி

ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பிக்கு வரிசை என்றால் அதில் முதல் இடம்தான். மற்ற இடங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆண்டாள் கோயிலில் காலைத் தீர்த்தம் முதலில் அவர் கைக்கு வரவேண்டும். கல்யாணப் பந்தியிலும் அதே கதை. அவர் மனைவி ஸாவித்ரி கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பின்னால் நின்றே சாமி கும்பிட்டவர். பெருமாளைவிட நம்பியின் முதுகைத்தான் அதிகம் சேவித்திருப்பார்.

அந்த ஸாவித்ரி எங்கள் நாடகத்தில் சேர்ந்தார். ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியை, நாடகத்தை நடத்துகிற ஜோயல் வாடகைக்குப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, அரங்கம் என்று பெயரும் வைத்துவிட்டான். மின்விசிறி இரண்டு. அதில் ஒன்று சுற்றும். நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன்.

"ஒரு தடவ வந்து பாக்கேன். பொறவு நீ இதை நிறுத்திரணும்" என்று நம்பி வீட்டில் சொல்லிவிட்டாராம். எங்களிடம் அதைச் சொல்லும்போது ஸாவித்ரி அழுதார். "எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். எனக்கு அந்த மனுஷன்மேல் கெட்ட கோபம் வந்தது.

நாடகத்தின் கடைசிக் காட்சி கோயில். எப்போதும் பின்னால் நிறுத்தப்பட்ட ஒருத்தி அன்று முதல் ஆளாகத் தீர்த்தம் வாங்குவாள். நாடகமே அதுதான். அவளாக ஸாவித்ரி. தீர்த்தம் கொடுக்கும் பட்டராக செல்போன் கடை சல்மான். தலையில் கவிழ்த்து வைக்கிற சடாரிக்கு அவன் அம்மா ரமீஜா கொடுத்த எவர்சில்வர் கிண்ணம்.

நம்பி, சொல்லவே வேண்டாம், முன்வரிசை. சல்மான் தண்ணீர்ச் செம்போடு வந்து "தீர்த்தம்" என்றான். நம்பி எழுந்தார். செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையேறி, ஸாவித்ரியைத் தாண்டிப் போய், உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். கண் பாதி மூடியிருந்தது. பழகின கை, அது பாட்டுக்கு நீண்டுவிட்டது. இதைப் பார்த்துப் பின்வரிசையிலும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

சல்மான் முழித்தான். ஸாவித்ரி கணவரின் முழங்கையைத் தொட்டார்.

"செத்த நேரம் பின்னால நில்லுங்க. இது எனக்கு."

வசனத்தில் இது கிடையாது. நம்பி கண்ணைத் திறந்தார். விளக்கும், ஜனமும், ஒட்டுநாமத்தோடு நிற்கும் சல்மானும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இறங்கி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. மனைவிக்குப் பின்னால் போய் நின்றார். ஸாவித்ரி வாங்கினார். அதன்பிறகு நம்பி வாங்கினார், கிண்ணத்துக்குத் தலையும் குனிந்தார். நாடகமே இப்படித்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். "பய துளசி குடுக்கல" என்று நம்பி குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

"நாடகத்தை நிறுத்தணுமா?" என்று ஸாவித்ரி நேராகக் கேட்டார்.

நம்பி இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "நாளைக்கும் உண்டா?"

"உண்டு."

"நான் வரல. மானம் போயிட்டு."

"வாங்க" என்றார் ஸாவித்ரி. "எனக்குப் பின்னால நிக்க ஆள் வேணும்."