என் பேரில் ஒரு கண்டிஷன்

உத்திரமேரூரில் அப்பா எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போன வீடு ஒன்று இருக்கிறது. மானாம்பதி ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பின்னால் துணி துவைக்கிற இடம், அவ்வளவுதான். நாங்கள் காஞ்சிபுரத்தில் இருப்பதால் அதை வாடகைக்கு விட்டிருந்தோம். வீடு என் பேரில் என்றாலும் வேலையெல்லாம் என் வீட்டுக்காரருடையது. புரோக்கரிடம் சொல்வது, ஆள் பார்ப்பது, பதினோரு மாத அக்ரிமெண்ட் போடுவது எல்லாம் அவர்தான். அவர் காட்டுகிற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்.

கடைசியாக வந்தவர் ஓர் இளைஞர். கம்பெனி வேலை, விவசாயக் குடும்பம், மரியாதையான பையன் என்று வீட்டுக்காரர் சொன்னார். முதல் அக்ரிமெண்ட் முடிந்ததும் ஒரு தடவை புதுப்பித்தோம். அதற்குப் பிறகு விட்டுவிட்டோம். வாடகை ஒழுங்காக போனில் வந்துவிடும். குழாய் ரிப்பேர், ஸ்விட்ச் ரிப்பேர் எதற்கும் எங்களைக் கூப்பிட்டதில்லை. "இந்த மாதிரி ஆள் கிடைக்கிறதே கஷ்டம். மாசாமாசம் ஓடிக்கினு இருக்கட்டும்" என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படியே மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முந்தின வருஷம் என் மகள்தான் பிடித்துக்கொண்டாள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒருத்தரை இத்தனை நாள் வைத்திருக்கக் கூடாது, புதுசாக அக்ரிமெண்ட் போடுங்கள் என்றாள். அப்போது வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், வெளியே போக முடியாது. சரி, நானே போகிறேன் என்று அந்த இளைஞருக்கு போன் செய்தேன்.

"நீங்க ஏன்மா வெயில்ல அலையிறீங்க? பேப்பர ரெடி பண்ணிட்டு சொல்லுங்க, நானே காஞ்சிபுரம் வந்து கையெழுத்து போட்டுட்றேன்."

இவ்வளவு நல்ல பிள்ளையா என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரமே திருமுக்கூடலில் ஒரு கல்யாணம். போனவள் அப்படியே உத்திரமேரூருக்கும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அக்ரிமெண்ட் பேப்பரையும் பையில் எடுத்துக்கொண்டேன். முன்கூட்டிச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை அப்போதுதான் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"யாரு வேணும்மா?"

அந்த இளைஞரின் மனைவி என்று நினைத்துக்கொண்டு, "நான் தாம்மா வீட்டு ஓனர். காஞ்சிபுரத்துலர்ந்து வரேன்" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு மாற்றம். ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கேட்கக் காத்திருப்பவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன் அதை. வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீடு சுத்தமாக இருந்தது. ஆனால் பகல் வேளையிலும் ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை போட்டு, லைட் எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன்.

சமையலறை வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி வந்து, "கடையில பாட்டில் தண்ணி வாங்கிக்கினு வரட்டாம்மா? சீல் பிரிக்காதது கிடைக்கும்" என்றாள்.

"ஏன், குழாய்ல தண்ணி வர்லயா?"

"வருது."

"பின்ன இன்னா? அதையே குடு."

ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்கே, வேலைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். அவள் போனை எடுத்து யாரிடமோ, "ஓனரம்மா வந்துகிறாங்க, சீக்கிரம் வா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் எங்களிடம் வீடு எடுத்த இளைஞர். இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர்தான் இந்தப் பெண்ணின் கணவர்.

இளைஞர்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் இங்க ஒரு நாள் கூட குடியிருக்கல. ஆரம்பத்துலர்ந்து இவங்கதான் கீறாங்க. கம்பெனியில என் கூட வேல செய்யிறவங்க, என் பேருல எடுத்து குடுத்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் என்று தெரியாத ஆட்கள் என் வீட்டில் மூன்று வருஷமாக. "எதுக்கு இந்தத் திருட்டு வேல? இவங்களே வந்து கேட்டிருந்தா குடுத்துருக்க மாட்டமா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். சத்தம் போடாமல், கணக்குத் தீர்க்கிற குரலும் இல்லாமல், நடந்ததைச் சொல்லுவது போலத்தான் சொன்னாள்.

"நாங்கதாம்மா மொதல்ல வந்து கேட்டோம். புரோக்கர் வீட்டக் கூட காமிச்சாரு. எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. அப்புறம் எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னோம். ஊர்லயா, காலனியிலயான்னு கேட்டாரு. காலனின்னு சொன்னோம். வூடு நேத்தே முடிஞ்சிட்ச்சு, மறந்துட்டு காமிச்சிட்டேன்னு சொல்லிட்டாரு. அடுத்த நாளு இந்தத் தம்பி போயி கேட்டாரு. அதே வூட்டு சாவிய குடுத்தாரு."

"அவர் அப்பிடி சொன்னா அது அவரோட…" என்று ஆரம்பித்தேன்.

இளைஞர் குறுக்கிட்டார். "எங்கிட்டயும் அந்தாளு சொன்னாரும்மா. ஓனரம்மா ரொம்ப ஆச்சாரம் பாக்கிறவங்க, நம்ம ஆளுங்களுக்கு மட்டுந்தான் வுடுவாங்கன்னு."

ஓனரம்மா என்றால் நான்.

நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புரோக்கரிடம் பேசியதே இல்லை. அவள் ஏன் பாட்டில் தண்ணீர் வாங்கிவரவா என்று கேட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கு யாரோ சொல்லி முடித்துவிட்டிருந்தார்கள்.

அவள் இன்னும் சொன்னாள். தெருவில் கேட்டால் அந்த இளைஞரின் அக்கா என்று சொல்லிக்கொள்வாளாம். நீலக் கோட்டு போட்டவர் படத்தை பீரோவுக்குள் வைத்திருந்தாள். பக்கத்து ஊரில் இருக்கிற அவள் அம்மா இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

"மூணு வருஷமாவா?" என்று கேட்டேன்.

"அம்மாவ இங்க நெறைய பேருக்குத் தெரியும்மா. அதான்."

கொண்டுபோன பேப்பரைப் பையிலிருந்து எடுக்காமலே கிளம்பினேன். நேராக புரோக்கரிடம் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். யார் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"நான் எப்பங்க உங்ககிட்ட ஆள் பாத்து வுடச் சொன்னேன்?"

அவர் முகத்தில் குழப்பம் மட்டும்தான், பயமோ கூச்சமோ இல்லை. "நீங்க சொல்லலம்மா. சார்தான் சொன்னாரு. வூட்டம்மாவுக்கு ஆவாது, பாத்து செய்யின்னாரு. எல்லா ஓனரும் சொல்றதுதானம்மா, இதுல இன்னா கீது?"

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் தாண்டியது என்று தெரியாது. கண்டக்டர் இறங்கச் சொன்னபோதுதான் நினைவு வந்தது.

வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், மறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா, சொன்னேன். அக்கம்பக்கம் நாளைக்குப் பேசுவாங்க. நமக்கு எதுக்கு பேஜாரு?"

"அதுக்கு ஏன் எனக்குப் புடிக்காதுன்னு சொன்னீங்க?"

"நான் யூனியன்ல சமத்துவம் பேசினவன். என் வாயால அப்பிடி சொல்ல முடியுமா? பொம்பளைங்களுக்கு புடிக்கலன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர். நான் என்ன சாப்பிடுவேன், எதற்குக் கோபப்படுவேன் என்று தெரிந்தவர். நான் சொல்லாத ஒன்றை என் வாயில் வைத்துவிட்டு, அதைப் பெரிய விஷயமாகக்கூட நினைக்காமல், கண்ணுக்கு மருந்து விடும் நேரம் ஆச்சா என்று கேட்டார். மருந்து விட்டேன். இரண்டு சொட்டு கன்னத்தில் விழுந்தது.

அந்தப் பெண் பேரிலேயே அக்ரிமெண்ட் போடுவது என்று முடிவு செய்து அவளுக்கு போன் செய்தேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம்மா" என்றாள்.

"ஏம்மா?"

"பேரு போட்டு எழுதினா தெருவுக்குத் தெரிஞ்சிடும். மாசாமாசம்னா, ஒரு பிரச்சனைன்னா அந்த மாசமே சாமான ஏத்திக்கினு போயிடலாம். எங்களுக்கு அதான் சௌகரியம்."

நான் எங்கள் பாதுகாப்புக்காகப் போட நினைத்த அக்ரிமெண்ட், அவளுக்கு ஒரு கதவை அடைப்பது மாதிரி இருந்திருக்கிறது. மாச வாடகை என்பது ஓடிப்போக வைத்திருக்கிற வழி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வற்புறுத்தவில்லை. எப்போது வேண்டுமானாலும் சொல், அதுவரை யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்லமாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

தை பிறந்த பிறகு அவளே கூப்பிட்டாள். புருஷன் பேரும் தன் பேரும் இரண்டையும் போடுங்கள் என்றாள். பத்திரம் எழுதுகிறவரிடம் போய் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதையும் இரண்டு தடவை படித்தாள்.

அன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கிருப்பவர் என்னோடு சின்ன வயதில் விளையாடியவர். மற்றவர்கள் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடலாம், என்ன பேச்சு வந்தாலும் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். குடியிருக்கிறவர்கள் யார் என்று சொன்னதும் அவர் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும். வந்த புதுசுலயே தெரியும். அது அம்மாவோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறத பாத்தேன். எங்க நெலத்துக்கு நாத்து நட வர்ற ஆளு அவங்க."

"தெரிஞ்சா ஏன் ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நல்ல பொண்ணு, வம்புதும்புக்குப் போவாது. உங்கிட்ட சொன்னா துரத்திட மாட்டியா? நீ ஒத்துக்க மாட்டன்னு தான இங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பயந்துக்கினுதான் நாங்களும் கம்முனு இருந்தோம்."

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான்.

அவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அடுத்த புதுப்பித்தலும் ஆகிவிட்டது. இப்போது புரோக்கரோ வேறு யாரோ வீடு விஷயமாகக் கூப்பிட்டால் நான்தான் பேசுகிறேன். வீட்டுக்காரர் அதைப் பற்றிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. மற்றபடி எப்போதும் போலத்தான் இருக்கிறோம். ஆனால் விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவே, "எங்க வீட்டம்மாவுக்கு இது புடிக்காது" என்று அவர் எதையாவது சாதாரணமாகச் சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்கிறேன்.